போதை பாவித்ததை ஒத்துக்கொள்ளும் வேட்பாளருக்கு வாக்குப் போடலாமா? – கேள்வி பதில்

போன கிழமை நான் எழுதிய ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்விகள் வந்திருக்கின்றன. “முன்பு போதை பாவித்தேன், விட்டுவிட்டேன் என்று ஒரு வேட்பாளர் தானாக வந்து சொன்னால், அந்தக் காரணத்துக்காக மட்டும் அவரைத் தள்ளிவைக்க மாட்டேன்” என்று எழுதியிருந்தேன். திருகோணமலையில் 22 வருடம் போதை மீட்பு ஆலோசகராக வேலை செய்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். முதலே ஒரு வேண்டுகோள்: யாருடைய பெயரையும் போட்டு “இவர் பாவிப்பாரா” என்று கேட்காதீர்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு அப்பா: பாவித்தவனைச் சபைக்கு அனுப்பினால், “பாவிச்சாலும் ஒன்றும் ஆகாது” என்றுதானே என் பிள்ளைகள் நினைப்பார்கள்?

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நான் கண்டது வேறு. என் மேசைக்கு முன்னால் வந்து இருக்கும் பெடியன்களின் கையைத்தான் முதலில் பார்ப்பேன். சிகரெட் பெட்டி வெள்ளித்தாளில் தூளை, அதாவது ஹெரோயினைப் போட்டு, அடியில் லைட்டர் பிடித்துப் பிடித்துப் பெருவிரல் நுனி கறுத்து, தோல் தடித்திருக்கும். பக்கத்தில் அம்மா இருந்தால் கை மேசைக்குக் கீழே போய்விடும். அம்மா எழும்பி வெளியே போனதும் அநேகமாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “விட்ட ஆக்கள் ஆராவது இருக்கினமோ ஐயா?”

இருக்கிறார்கள். இந்த ஊரிலேயே கடை வைத்திருக்கிறார்கள், கந்தோரில் வேலை செய்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள். ஆனால் ஒருவரையும் என்னால் கூப்பிட்டுக் காட்ட முடியாது. தெரிந்தால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு நின்றுவிடும். விட்டவர்கள் எல்லாரும் ஒளிந்திருக்கும் ஊரில், விடவே முடியாது என்றுதான் பெடியன் நம்புகிறான். உங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

சாம்பல்தீவு: போதை வழக்கில் தண்டனை பெற்றவர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கலாமா?

அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரையைப் பாருங்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்று, அதை அனுபவித்து முடித்து ஏழு வருடம் ஆகவில்லை என்றால் முடியாது. முன்பு பாவித்தேன் என்று சொல்வது மட்டும் தடை இல்லை. மற்றதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு ஆசிரியை: எங்கள் மார்க்கத்தில் தௌபாவுக்கு, பாவமன்னிப்புத் தேடுவதற்கு, இடம் உண்டு. ஆனால் அடியார்களின், அதாவது மற்ற மனிதர்களின், உரிமையில் கைவைத்திருந்தால், அதை உரியவரிடம் தீர்க்காமல் தௌபா நிறைவேறாது. வாக்காளர் மன்னிப்பது எந்த வகை ஐயா?

டீச்சர், இவ்வளவு கேள்விக்குள்ளும் சரியான இடத்தில் கைவைத்தது நீங்கள்தான். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2018 உள்ளூராட்சித் தேர்தல். வட்டார முறை திரும்ப வந்தபின் நடந்த முதல் தேர்தல் அது. ஒரு கடற்கரை வட்டாரத்தில் நிற்கப் போகிறேன் என்று என்னிடம் ஒருவர் வந்தார். ஒரு காலத்தில் என் மேசைக்கு முன்னால் இருந்தவர்தான். தூளை விட்டு ஆறு வருடம். “ஐயா, சொல்லட்டோ விடட்டோ?” என்று கேட்டார். சனத்துக்குச் சொல்ல முதல், ஆரிடம் எடுத்தாயோ அவர்களிடம் போய்ச் சொல் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனவர், அதைச் செய்யாமல் நேரே வாசிகசாலையில் கூட்டம் வைத்துவிட்டார்.

நாற்பது பேரளவில் வந்திருப்பார்கள். வேட்பாளர் எழும்பி, “நான் தூள் பாவிச்சனான், இப்ப விட்டிட்டன்” என்றார். இரண்டு பேர் கைதட்டக்கூடத் தொடங்கினார்கள். பின்வரிசையில் கருவாட்டுக் கடகத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆச்சி இருந்தா.

“உது கிடக்கட்டும் தம்பி. என்ர சங்கிலிய எடுத்தது நீதானே?”

தலைக்கு மேலே காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும்தான். பெடியன் சேர்ட்டின் கீழ்ப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு, “ஓம் ஆச்சி” என்றார். ஒன்றேகால் பவுண். திருப்பித் தாறன் என்றார்.

“அப்ப தா. பிறகு வோட்டைப் பற்றிக் கதைப்பம்” என்றா ஆச்சி.

ஆச்சியின் சங்கிலியை வாக்காளர்கள் மன்னிக்க முடியாது டீச்சர். அது ஆச்சியும் அவரும் தீர்க்க வேண்டியது. வாக்காளர் பார்க்க வேண்டியது, ‘இவரை இனி நம்பலாமா’ என்பதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மேடையில் கண்கலங்கியவருக்கெல்லாம் கைதட்டி அனுப்பிவிடுகிறோம்.

பாலையூற்று: வெளிநாட்டில் ஒத்துக்கொண்டவர்கள் வென்றிருக்கிறார்களே?

வென்றவர்களும் உண்டு, சரிந்தவர்களும் உண்டு. எப்போது, எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள். ஒபாமா இளவயதில் கஞ்சாவும் கொக்கெயினும் பாவித்ததை 1995இல் வந்த தன் புத்தகத்திலேயே எழுதினார். யாரும் துரத்திப் பிடிக்கவில்லை. 2008இல் எதிராளிகளுக்குத் தோண்டி எடுக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை. கிளின்டன் 1992இல் கஞ்சாவை முயற்சித்தேன், உள்ளே இழுக்கவில்லை என்றார். வென்றார்தான், ஆனால் அந்தப் பாதி உண்மையை உலகம் இன்னும் மறக்கவில்லை. டொரொன்டோ மேயர் ரொப் ஃபோர்ட் மாதக்கணக்கில் மறுத்துவிட்டு 2013 நவம்பரில்தான் ஒத்துக்கொண்டார். நகரசபை அவருடைய அதிகாரங்களில் பெரும்பகுதியைப் பறித்தது. பிரித்தானியாவில் அமைச்சராக இருந்த மைக்கேல் கோவ் 2019இல், இருபது வருடத்துக்கு முன் கொக்கெயின் பாவித்ததைச் சொன்னார். பாவித்ததைவிட, அந்தக் காலத்திலேயே போதைக்கு எதிராகப் பத்திரிகையில் எழுதியதுதான் அவருக்கு வினையாகியது.

வாஷிங்டன் மேயர் மரியன் பரி 1990இல் கொக்கெயினுடன் பிடிபட்டு ஆறு மாதம் உள்ளே இருந்தவர். 1994இல் அதே மக்கள் அவரைத் திரும்பவும் மேயராக்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் தயாரில்லை. நானாக இருந்தால் இன்னும் சில வருடம் பொறுத்திருப்பேன். போதை திரும்பத் தலைதூக்கும் நோய். விட்டு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் தடுக்கி விழுபவர்கள் அதிகம். விட்டு ஆறு மாதமான ஒருவருக்கு நான் சாப்பாடு போடுவேன், வேலை தேடிக் கொடுப்பேன். பிரதேச சபையின் காசுப் பெட்டித் திறப்பைக் கொடுக்க மாட்டேன்.

நிலாவெளி: எல்லா வேட்பாளருக்கும் சிறுநீர்ப் பரிசோதனை வைத்தால் என்ன?

ஹெரோயினின் தடயம் சிறுநீரில் இரண்டு மூன்று நாள் இருக்கும், ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினும் ஏறக்குறைய அப்படித்தான். நாளாந்தம் கஞ்சா அடித்தவருக்கு ஒரு மாதம்கூட நிற்கும். ஆக, வேட்புமனுவுக்கு ஒரு கிழமை முன் ஐஸை நிறுத்தியவர் தப்பிவிடுவார், மூன்று கிழமைக்கு முன் கஞ்சாவை விட்டவர் அகப்படுவார். பத்து வருடத்துக்கு முந்திய கதையைச் சிறுநீர் சொல்லாது.

பெயர் தரவில்லை: எங்கள் மாவட்டத்தில் இன்னார் ஐஸ் பாவிப்பதாக…

பெயரை நீக்கிவிட்டேன்.

மட்டிக்களி: முன்பு பதவியில் இருந்த ஒருவர் பற்றி ஒரு வீடியோ…

பதில் இல்லை. சாட்சி இருந்தால் பொலிசுக்குப் போங்கள்.

தம்பலகாமம்: குடிக்கிறவரை யாரும் கேட்பதில்லையே?

கேட்க வேண்டும். நான் சந்தித்த குடும்பங்களில் தூளால் சிதைந்ததைவிடச் சாராயத்தாலும் கசிப்பாலும் சிதைந்தவை அதிகம். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 40 வயதில் குடியை விட்டதை வெளிப்படையாகப் பேசியவர். ஆனால் 1976இல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டதைச் சொல்லாமல் விட்டார். 2000ஆம் ஆண்டுத் தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது வேறு ஆட்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள்.

மூதூர்: அப்படியென்றால் பார் பெர்மிட், சாராயக்கடை அனுமதி, எடுத்துக் கொடுத்த அரசியல்வாதிகள்? 2024 தேர்தலில் அதுதானே பேச்சு!

பாவித்தவர் வேறு, விற்றவர் வேறு. முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். பாவித்தவர் முதலில் அழித்தது தன்னையும் தன் வீட்டையும். விற்பனைக்கு வழிவிட்டவர் தனக்கு ஒரு கீறலும் இல்லாமல் மற்றவர் வீட்டை அழிக்கிறார்.

உப்புவெளி: ஐயா, சாராயக்கடை சட்டப்படியானது, தூள் சட்டவிரோதம். இரண்டையும் ஒரே தராசில் போடுவது பிழை.

சட்டத்தில் இரண்டும் ஒன்றில்லை, சரி. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். சாராயத்துக்கு அரசு வரி எடுக்கிறது. ஆனால் நான் பேசுவது பதவியைப் பற்றி. சனம் பாடசாலைக்கும் குளத்துக்கும் கடிதம் எழுதத்தான் ஒருவருக்கு அந்தக் கடிதத்தலைப்பைக் கொடுத்தது. அதில் சாராயக்கடைக்குச் சிபார்சு எழுதினால், அது பதவியில் இருக்கும்போது, தெளிந்த தலையோடு, சனத்தின் பெயரால் செய்த காரியம். 19 வயதில் நண்பர்களோடு கஞ்சா இழுத்ததைவிட அது எனக்குப் பாரம்.

அதே உப்புவெளி: நீங்கள் போதைக்காரரோடு பழகியவர், அதனால் அவர்கள் பக்கம் சாய்கிறீர்கள்.

பழகியவன்தான். பதினொரு பெடியன்களின் செத்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு அம்மா சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் சுகப்படுத்தி அனுப்பினீங்கள், ஆர் திரும்பக் கொடுத்தது?” என்று கேட்டா. அந்தக் கேள்விக்குப் பதில் விற்ற பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மன்னிக்கச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள்.

சீனக்குடா, இன்னும் ஏழு பேர்: பார் பெர்மிட் பற்றி…

இந்த வாதத்தை இதோடு நிறுத்துவோம்.

மனையாவெளி: கஞ்சா மூலிகைதானே, அது போதையா?

ஆயுர்வேத வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து வேறு, பீடியில் சுருட்டுவது வேறு.

திருக்கடலூர், ஒரு அம்மா: அரசியல் வேண்டாம் ஐயா. மகன் ஐஸ் பாவிக்கிறான். மூன்று நாளாக நித்திரை இல்லை, நாங்கள் அவனைக் கொல்லப் பார்க்கிறோம் என்கிறான்.

அம்மா, அந்தச் சந்தேகம் ஐஸின் வேலை. வாக்குவாதப்படாதீர்கள், அறையில் பூட்டாதீர்கள், கத்தி போன்றவற்றை எடுத்து மறைத்துவிடுங்கள். நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பிறகு 1927க்கு எடுங்கள், அது தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். எனக்கும் தனியாக ஒரு செய்தி போடுங்கள், இன்றிரவு முழித்திருப்பேன்.

சாம்பல்தீவு, திரும்பவும்: வாசிகசாலையில் பேசியவர் வென்றாரா?

இல்லை. தோற்றார். சங்கிலிக்கான காசை மூன்று தவணையாகக் கொடுத்தார், கடைசித் தவணை தேர்தல் முடிந்து எட்டு மாதத்துக்குப் பிறகு. காசை எண்ணிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, “அடுத்த முறையும் நில்லு” என்று ஆச்சி சொன்னாவாம்.

2025 உள்ளூராட்சித் தேர்தலில் அவர் நிற்கவில்லை. ஆச்சி அதற்கு முதல் வருடமே செத்துப்போனா. பாடை தூக்கிய நாலு பேரில் அவரும் ஒருவர்.