தயிர்சாதம் போதுமா? நாய் உணவு பற்றிய கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

நாங்கள் சைவம். எங்கள் மூன்று வயது நாட்டு நாய்க்கு இரண்டு வேளையும் தயிர்சாதம்தான். நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா? (வாசகி, மயிலாப்பூர்)

மாற்றுங்கள். சோறு கெடுதல் என்பதால் சொல்லவில்லை. மனிதரோடு வாழ்ந்து பழகியதில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட நாய்க்கு நன்றாகவே கூடியிருக்கிறது. 2013-ல் வெளியான மரபணு ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. குறை புரதத்தில் இருக்கிறது. வளர்ந்த நாயின் உணவில், தண்ணீரைக் கழித்த எடையில், 18 சதவீதமாவது புரதம் வேண்டும். இரண்டு பங்கு சோற்றில் ஒரு பங்கு தயிர் பிசைந்தால் 13 சதவீதம் தேறுவதே பெரிது. துத்தநாகம், வைட்டமின் டி, சில கொழுப்பு அமிலங்களும் போதாது. நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். மங்கிய முடி, செதில் செதிலாக உதிரும் தோல், சீக்கிரம் ஆறாத புண் என்று குறைபாடு மெதுவாகத்தான் வெளியே தெரியும்.

பூனையைப்போல நாய்க்கு இறைச்சி கட்டாயம் இல்லை. முட்டைக்குச் சம்மதம் என்றால் வேகவைத்துக் கொடுங்கள். இல்லையென்றால் பனீர், குழைய வெந்த பாசிப்பருப்பு, சோயா இருக்கின்றன. ஆனால் இவற்றைக் கண்ணளவில் சேர்த்தால் மட்டும் எல்லாச் சத்தும் வந்துவிடாது. நாயின் எடைக்கு ஏற்ற அளவையும், கூடச் சேர்க்க வேண்டிய தாது உப்பு, வைட்டமின் பொடியையும் உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, ஒரு வாரத்தில் மாற்றினால் வயிறு கெடாது.

நான்கு மாத லேப்ரடார் குட்டி. எலும்பில்லாத சிக்கனும் ஈரலும் தினமும் கொடுக்கிறோம். முன்னங்கால் வளைகிற மாதிரி இருக்கிறது. கால்சியம் சிரப் கொடுக்கலாமா? (வாசகர், கோவை)

முதலில் எக்ஸ்ரே எடுங்கள், இந்த வாரமே. எலும்பில்லாத இறைச்சியில் கால்சியத்தைப்போல 15 முதல் 20 மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. குட்டிக்கோ கால்சியம்தான் சற்றுக் கூடுதலாக வேண்டும். அது கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கிறது. எலும்பு மெலிந்து, சும்மா குதித்தால்கூட முறியலாம். அதற்காக நீங்களாக சிரப் ஊற்றாதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் மிஞ்சினாலும் எலும்பு கோணலாகத்தான் வளரும். பெரிய இனக் குட்டிக்கென்றே தயாரித்த முழு உணவுக்கு மாறுவதுதான் இந்த வயதில் பாதுகாப்பு. அதன்மேல் கால்சியம் எதுவும் தேவையில்லை. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் தினமும் வேண்டாம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும்.

மிச்சமான சாம்பார் சாதம், மீன்குழம்பு போடலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. அப்புறம் புளி. திராட்சை தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் பதிவாகியிருக்கின்றன. நம் சமையலறையில் இது பலருக்கும் தெரியவேண்டிய செய்தி. ஒரு வாய் சாம்பாரை நக்கியதற்குப் பதற வேண்டாம்; தினமும் ஊற்றுவதை நிறுத்துங்கள். புளி உருண்டையையோ திராட்சைக் கொத்தையோ தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். குழம்பில் வெந்த மீன் முள், கோழி எலும்பும் வேண்டாம். வெந்த எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும்.

எங்கள் லேப்ரடார் 38 கிலோ. 30 இருக்கவேண்டும் என்றார் டாக்டர். எவ்வளவு தின்றாலும் பசி அடங்கவில்லை. பாவமாக இருக்கிறது. (வாசகர், வேலூர்)

அந்தப் பசி பொய்யில்லை. லேப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்குப் பசியைக் கூட்டும் மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் நாயின் பார்வையைக் கேட்காமல் தராசைக் கேளுங்கள். 30 கிலோவுக்கு இறங்க, நாளுக்குச் சுமார் 900 கலோரியில் தொடங்கலாம். எட்டு மாரி பிஸ்கட் போட்டாலே அதில் 200 போய்விடும். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரி, வெந்த பீன்ஸ், கேரட் கொடுங்கள். வாரத்துக்கு எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் நல்ல வேகம். 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. கால்பங்கு குறைவாகத் தின்ற நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. அந்த இரண்டு வருடத்தை உங்கள் நாய்க்கும் கொடுக்கப் பாருங்கள்.

கடையில் லூஸில் கிலோ கணக்கில் விற்கும் உணவு வாங்கலாமா?

வாங்காதீர்கள். பிரித்த உணவில் கொழுப்பு காறிப்போகும். ஈரக் காற்று பட்டால் பூஞ்சை பிடிக்கலாம். அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும். சின்னப் பொட்டலமாக வாங்கி, அதே பையோடு மூடி வைத்து, ஒரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள்.

சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிகிறது. முட்டையும் பாலும் கூட்டலாமா?

கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது அந்த இனத்தின் உடல்வாகு. தொடைத் தசை திரண்டிருந்து, நன்றாக ஓடினால் ஒன்றும் கூட்ட வேண்டாம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால் குடற்புழுவுக்கு மலப் பரிசோதனை செய்துவிட்டு அப்புறம் உணவைப் பாருங்கள். பால் பல நாய்களுக்குச் செரிக்காமல் கழியும்.