புது ஸ்பீக்கரில் பேஸ் ஏன் வரவில்லை?

செங்கோட்டை வீட்டில் புது ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வைத்தும் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) இல்லை, குரல் நடுவில் நிற்காமல் சிதறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் மாற்ற அவசரப்படாதீர்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பு, கறுப்பு ஒயர் இடம் மாறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் ஒரு ஸ்பீக்கரின் கோன் (ஒலி எழுப்ப அசையும் கூம்பு) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர்; ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அது மிக நீளம் என்பதால் இரண்டின் அலைகளும் எதிரெதிராகச் சேர்ந்து, தாழ்ந்த ஒலிதான் அதிகம் அழிந்துபோகும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதில் செருகியுள்ள ஸ்பீக்கர் ஒயர் முனைகளைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொடுங்கள். சிவப்பில் பிளஸ் பட்டால் பெரிய கோன் வெளியே துள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி துள்ளுகிறதா பாருங்கள்.

ஆரியங்காவு கணவாய் வழியே வரும் சாரல் ஈரத்தில் செம்பு முனை பச்சை பூத்துவிடும். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் கரகரத்தது அதனால்தான். முனையை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்குங்கள்.