ஜாம்பியா மிஷன் பள்ளிக்குப் புறப்படும் தங்கைக்கு

வரும் ஜனவரியில் ஜாம்பியாவின் வடக்கு மாகாணத்தில் ஒரு மிஷன் உறைவிடப் பள்ளிக்குக் கணக்கும் இயற்பியலும் சொல்லித்தரப் போவதாக எழுதியிருக்கிறாய். தனியாகப் போகிறாய், பெம்பா மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே பழகிக்கொள்ள எத்தனை நாள் ஆகும், ஊழியத்தை எங்கிருந்து தொடங்குவது, பெட்டியில் என்ன எடுத்துவைப்பது என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டதால் நானும் நீ என்றே எழுதுகிறேன்.

ஊழியத்தைப் பற்றிக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் வகுப்பை மட்டும் பார். புதிதாக எதையும் தொடங்காதே. சபையில் வழியனுப்புக் கூட்டம் வைத்து, மேடையில் நிறுத்தி ஜெபம் பண்ணி அனுப்புவார்கள். சுவிசேஷம் கேட்டிராத ஜனங்களிடம் நம் பிள்ளை போகிறாள் என்று ஒருவராவது உருக்கமாகப் பேசுவார். கேட்டுக்கொள், நம்பிவிடாதே. ஜாம்பியா 1991இல் தன்னைக் கிறிஸ்தவ நாடு என்று அறிவித்தது. 1996இல் அது அரசியல் சாசனத்திலும் ஏறியது. அக்டோபர் 18 தேசிய ஜெப நாள், அரசு விடுமுறை. ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் போனாலும் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, ஒரு பாடகர் குழு முடிந்தால் அடுத்தது எழும்பும். உன் வகுப்புப் பிள்ளையின் கொள்ளுப்பாட்டியே ஞானஸ்நானம் எடுத்தவராக இருப்பார். ஏற்கனவே இருக்கிற ஒரு சபையில் போய்ச் சேரப்போகிறாய், அவ்வளவுதான்.

ஞாயிறு பள்ளியில் நமக்கு லிவிங்ஸ்டன் கதைதான் சொல்லித்தந்தார்கள். அங்கே உள்ளவர்களுக்கு இன்னொரு மிஷனெரியையும் நன்றாகத் தெரியும். டேவிட் கவுண்டா, அன்றைய நியாசாலாந்திலிருந்து, அதாவது இன்றைய மலாவியிலிருந்து, ஸ்காட்லாந்து சபையின் மிஷனெரியாகவும் ஆசிரியராகவும் சின்சாலி பக்கத்தில் லுப்வாவுக்கு வந்தவர். மனைவி ஹெலனும் ஆசிரியை. 1924இல் லுப்வாவில் பிறந்த அவர்கள் மகன் கென்னத் கவுண்டாவும் வாத்தியாராகத்தான் வேலையைத் தொடங்கினார். 1964இல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியர் வந்து இறங்குவது அந்தப் பக்கத்துக்குப் புதுசே இல்லை. உன்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நம் முகத்தைப் பார்த்தால் முதலில் 'ம்வென்யே' என்பார்கள். இந்தியருக்கு அங்கே வழங்கும் பெயர் அது. கோபப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பெயரோடு கடைக்காரர் என்ற எண்ணமும் சேர்ந்தே வரும். ஊர் ஊராகக் கடை வைத்திருக்கும் இந்தியர்களில் பெரும்பாலானோர் குஜராத்திகள். அவர்களோடு உள்ளூர்க்காரர்களின் பழக்கம் பெரும்பாலும் கல்லாவோடு முடிந்துபோகும். அதனால் பள்ளி வளாகத்தில் குடியிருந்து, குடம் தூக்கி, ஆசிரியர்களோடு உட்கார்ந்து ந்ஷிமா, அதாவது அங்கே தினமும் உண்ணும் மக்காச்சோளக் களி, சாப்பிடும் இந்தியப் பெண்ணைக் கொஞ்ச நாள் வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மொழி. உயர்நிலை வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். 2014 முதல் நான்காம் வகுப்பு வரை வட்டார மொழியில் கற்பிக்கச் சொன்னார்கள், அது உன்னைத் தொடாது. பெம்பா இல்லாமலே உன் வேலை ஓடிவிடும். அதுதான் ஆபத்து. ஆசிரியர் அறையில் சிரிப்பது, விடுதி மேட்ரன் பிள்ளையைத் திட்டுவது, பெற்றோர் உன்னிடம் சொல்லத் தயங்கிப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது எல்லாம் பெம்பாவில்தான். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார். நமக்கு வந்த மிஷனெரிகள் பட்ட அந்தச் சிரமத்தில் பாதியாவது நாம் படவேண்டாமா? சமையற்கட்டுப் பெண்களிடம் போய் உட்கார். அவர்களைவிடப் பொறுமையான வாத்தியார் கிடைக்கமாட்டார்கள்.

மொழி வராவிட்டாலும் முதல் நாளிலிருந்தே வணக்கம் சொல்லிவிடு. காலையில் 'ம்வாஷிபுகேனி முக்வாய்', மற்ற நேரத்தில் 'முலி ஷானி'. நேராக விஷயத்துக்குப் போனால் முரட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் சாக்பீஸ் கேட்கப் போனாலும் முதலில் நலம் விசாரி. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மாணவிகள் முட்டி மடக்கித் தாழ்ந்து பேசும்போது கூச்சமாக இருக்கும். எழுந்திரு என்று அவசரப்படுத்தாதே, அது அவர்கள் வீட்டு வளர்ப்பு.

வகுப்பறையில் இரண்டு சட்ட விஷயம். ஒன்று, பிரம்பு. 2011ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி பள்ளியில் பிள்ளையை அடிக்கக்கூடாது. நம் ஊர்ப் பழக்கத்தில் கை ஓங்கிவிடாதே. வேறு யாராவது அடிப்பதைப் பார்த்தால்கூட 'இங்கே அப்படித்தான் போல' என்று நினைக்காதே. இரண்டாவது, 1997 முதல் நாட்டில் ஒரு கொள்கை இருக்கிறது: கர்ப்பமாகிப் பள்ளியை விட்டுப்போன மாணவி, பிள்ளை பெற்றபின் திரும்பி வந்து படிக்கலாம். உன் வகுப்பிலேயே ஒருத்தி வந்து உட்காரக்கூடும். ஊழியக்காரி என்ற முறையில் அவளுக்குப் புத்தி சொல்லவேண்டும் என்று தோன்றும். வேண்டாம். விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் சொல்லிக்கொடு. மற்றப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்தால் அப்போது வாயைத் திற.

2022இல் கட்டணமில்லாக் கல்வி வந்தபிறகு வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. ஆய்வகத்தில் சாமான் குறைவாகத்தான் இருக்கும். நம் ஆங்கிலத்தின் வேகமும் உச்சரிப்பும் அவர்களுக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் எடுக்கும், சொல்வதையெல்லாம் பலகையில் எழுதிப்போடு. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு அக்டோபர், நவம்பரில். வருஷத்தின் கடும் வெயிலும் அப்போதுதான்.

பழகிக்கொள்ள எத்தனை நாள் என்றால், நாள் கணக்கு சொல்ல வராது. எப்படிப் போகும் என்று வேண்டுமானால் சொல்கிறேன். முதல் வாரங்கள் நன்றாகவே இருக்கும், எல்லாம் புதுசு. பிப்ரவரி, மார்ச் மழையில் துணி காயாமல், ரொட்டியில் பூசணம் பிடித்து, மனசும் நனைந்துபோகும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஏப்ரலில் முதல் பருவம் முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் விடுதி ஒரே நாளில் காலியாகும் பார், அதுதான் புதிதாக வந்தவர்களை உலுக்கிவிடும். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற யோசனை பெரும்பாலும் அப்போதுதான் வரும். ஆகவே ஏப்ரல் விடுமுறைக்கு இப்போதே ஏதாவது ஏற்பாடு செய். சக ஆசிரியை கூப்பிட்டால் அவர் கிராமத்துக்குப் போ, சாக்கு சொல்லாதே.

வீட்டுக்குப் பேசுவதிலும் ஒரு கணக்கு உண்டு. நம் நேரத்துக்கு ஜாம்பியா மூன்றரை மணி நேரம் பின்னால். இரவுப் படிப்பை மேற்பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கு நீ அறைக்கு வரும்போது அம்மாவுக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை வீட்டுக்கென்று ஒதுக்கிவிடு.

கல்யாணமாகவில்லையா, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். சிரித்துக்கொண்டே பதில் சொல். ஆனால் இருட்டியபின் ஆண் ஆசிரியர் யாரும் உன் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள், நோட்டுப் புத்தகம் கொடுக்க என்றாலும் வாசலோடு சரி. மிஷன் வளாகத்தில் பேச்சு எவ்வளவு வேகமாகப் பரவும் என்று நம் ஊர் வளாகங்களைப் பார்த்த உனக்குத் தெரியும்.

பணம் கேட்பார்கள். சீருடைக்கு, பேருந்துக்கு, மருந்துக்கு. மனசு கேட்காமல் முதல் மாதமே அள்ளிக்கொடுத்தால் பிறகு நீ ஆசிரியையாக இருக்கமுடியாது. பிள்ளைகள் செலவு என்றால் தலைமையாசிரியர் வழியாக, உன் பெயர் வெளியே வராமல் கொடு. கடன் மட்டும் கொடுக்காதே. திரும்ப வராத பணத்தைவிட, அதற்காக உன்னைத் தவிர்த்து வேறு வழியில் நடக்கிற சிநேகிதி பெரிய நஷ்டம். துஷ்டி வீட்டுக்கு ஆசிரியர்கள் பணம் சேர்க்கும்போது மற்றவர்கள் போடுவதையே போடு, கூட்டிப் போடாதே. கட்டாயம் போ. இடுப்பில் சித்தெங்கே துணியைச் சுற்றிக்கொண்டு பெண்களோடு தரையில் உட்கார், பேசத் தெரியவேண்டியதில்லை. மொழி வராத காலத்தில் உன்னை அவர்களோடு சேர்த்துவைப்பது அந்த உட்கார்வதுதான்.

அப்புறம், ஜெபக் கடிதம். காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு மாதாமாதம் எழுதச் சொல்வார்கள். கிழிந்த சட்டைப் பிள்ளையின் படத்தைப் போட்டு, 'இருண்ட கண்டம்' என்று எழுதினால் காணிக்கை கூடும் என்பது உண்மை. எழுதாதே. உன் மாணவர்கள் கையிலும் செல்போன் இருக்கிறது, தமிழில் எழுதினால் புரியாது என்ற காலம் போய்விட்டது. அவர்கள் அம்மா படித்தால் வெட்கப்படாத விதத்தில் எழுது. படம் என்றால் கேட்டுவிட்டு எடு. இதில் நான் பிடிவாதக்காரி, அனுப்பும் ஸ்தாபனம் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பேப்பர் வேலையை இங்கேயே முடி. வேலை அனுமதி கைக்கு வராமல் 'சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் விமானம் ஏறாதே. பட்டம், பி.எட். சான்றிதழ்களை அந்நாட்டுத் தகுதி ஆணையம் சரிபார்க்கவேண்டும், ஆசிரியர் மன்றத்தில் பதிவும் வேண்டும். அசல்கள் கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டியில் அரிசி வேண்டாம், நகோன்டே அரிசி நன்றாகவே இருக்கும். பருப்பு தலைநகர் லுசாக்காவில் கிடைக்கும். உலர்ந்த கபெண்டா மீன் நம் நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும், குழம்பு வைத்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். சாம்பார்ப் பொடி, மிளகுப் பொடி எடுத்துக்கொள். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதே, உயரமான பீடபூமி அது, ஜூன், ஜூலை இரவுகளில் கம்பளி வேண்டும். சூரிய ஒளி விளக்கு ஒன்று அவசியம். 2024 வறட்சியில், நாட்டுக்கு மின்சாரம் தரும் கரிபா அணையில் நீர் குறைந்து, நாளுக்குச் சில மணி நேரம்தான் மின்சாரம் இருந்தது.

மலேரியாவை லேசாக எடுக்காதே. வடக்கில் மழைக்காலத்தில் அதிகம். கொசுவலைக்குள் தூங்கு, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய், நாளைக்குப் பார்க்கலாம் என்று பாராசிட்டமால் போட்டுப் படுக்காதே. விடுமுறைக்கு இங்கே வந்தபிறகு காய்ச்சல் அடித்தாலும், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல், ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடு. இதை அம்மாவிடமும் சொல்லிவை.