ஒரே பாட்டில், நான்கு பிள்ளைகள்: வாடைக்காலக் கேள்வி-பதில்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சளி, இருமல், காய்ச்சல். மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து வந்தவையே அதிகம். பெரும்பாலானவற்றில் பிள்ளையின் எடை இல்லை. சிலவற்றில் வயதுகூட இல்லை. "சின்னவனுக்கு", "நடுவுள்ளவளுக்கு" என்று எழுதினால் எதை வைத்துப் பதில் சொல்வது? அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். அந்த எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மண்டபம் வாசகி: எட்டு, ஆறு, நான்கு, ஒன்றரை என்று நான்கு பிள்ளைகள். ஐப்பசி தொடங்கித் தை முடியும் வரை யாராவது ஒருவருக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைவா? டானிக் கொடுக்கலாமா?

டானிக் வேண்டாம். சிறு பிள்ளைக்கு வருடத்தில் ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. பள்ளிக்குப் போகும் அண்ணன், அக்கா உள்ள வீட்டில் இன்னும் ஒன்றிரண்டு கூடும். ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். நான்கு பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்கள் வீட்டில் நடப்பது விளங்கும். சாப்பிடுகிறார்கள், ஓடுகிறார்கள், எடை ஏறுகிறது என்றால் எதிர்ப்புச் சக்திக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு அறை வீட்டில் "நோயாளியைத் தனியறையில் வையுங்கள்" என்று நான் சொல்லப்போவதில்லை. இருமுகிற பிள்ளையை, மற்றவர்கள் கால் நீட்டும் பக்கம் தலை வைத்துப் படுக்கச் செய்யுங்கள். துண்டும் டம்ளரும் தனியாக இருக்கட்டும். பள்ளியிலிருந்து வந்தவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் கடைக்குட்டியைத் தூக்கக் கூடாது. நிமோனியாவுக்கான பிசிவி தடுப்பூசி 2021 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணை. கடைக்குட்டியின் தடுப்பூசி அட்டையில் மூன்றும் பதிவாகியிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள்.

பாம்பன் வாசகி: மூன்று மாதக் குழந்தைக்கு மூக்கடைப்பு. குளிப்பாட்டும்போது அப்பத்தா மூக்கில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விடுகிறார். சரிதானா?

இன்றோடு நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தானாக வெளியே வராது. நிமோனியா வரை கொண்டுபோகும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு இரண்டு சொட்டு விடுங்கள், போதும். தைலமும் கற்பூரமும் இந்த வயதில் மூக்கின் பக்கமே வரக்கூடாது. கற்பூரம் கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும்.

தேவிபட்டினம் வாசகர்: வாடைக்காற்றுக்கு ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் போட்டும் பத்து மாதக் குழந்தை இரவெல்லாம் அழுகிறான்.

புழுக்கத்தில் அழுகிறான். நம் ராமநாதபுரம் கரையில் மார்கழி இரவிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நீங்கள் உடுத்தியிருப்பதைவிட ஒரு மெல்லிய துணி கூடுதலாகப் போட்டால் போதும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். தூங்கும்போது குல்லா வேண்டாம். காற்று நேராக அடிக்கும் ஜன்னலோரத்திலிருந்து பாயைத் தள்ளிப் போடுங்கள்.

தொண்டி வாசகி: போன மாதம் மூத்தவனுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த இரண்டு மருந்திலும் பாதிப் பாட்டில் மீதம் இருக்கிறது. இப்போது இளையவர்கள் இருவருக்கும் அதே மாதிரி இருக்கிறது. மூத்தவனுக்கு ஒரு மூடி கொடுத்தேன். இவர்களுக்கு அரை மூடி கொடுக்கலாமா?

கூடாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தக் கேள்வி வருகிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். இந்த முறை கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆன்டிபயாட்டிக். பொடியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிய பாட்டிலாக இருந்தால், பெரும்பாலும் ஒரு வாரத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. போன மாதம் கலக்கியது இன்று மருந்தே இல்லை. மீதம் இருக்கிறது என்பதே தவறு. டாக்டர் ஐந்து நாள் சொன்னால் ஐந்து நாளும் கொடுத்திருக்க வேண்டும். மேலும், சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது.

அடுத்து, காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் சிரப் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு பாட்டிலில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம். பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்றில் ஐந்து மில்லிக்கு 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. கொடுக்க வேண்டியது கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மூத்தவன் 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு 240, ஆகவே 250 பாட்டிலில் ஐந்து மில்லி சரி. எட்டுக் கிலோ தங்கைக்கு 120தான். அதே பாட்டிலில் அதே ஐந்து மில்லியை ஊற்றினால் இரு மடங்கு போய்விடும். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து ஐந்து மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு. இப்படி ஒரு நாளில் நான்கு முறை, இரண்டு மூன்று நாள் கொடுத்தால் கல்லீரல் தாங்காது. சளி சிரப் என்று தனியாக வாங்குகிற பாட்டிலிலும் பல சமயம் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் லேபிளைப் படிப்பதே இல்லை.

"அரை மூடி" என்பது ஓர் அளவே அல்ல. எந்தப் பாட்டிலின் மூடி? சாம்பார்க் கரண்டி, டீக்கரண்டி, மூடி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். மருந்தோடு வரும் கோடு போட்ட கிண்ணம் அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு, இவை இரண்டால் மட்டுமே அளக்க வேண்டும்.

மூன்றாவது, சளி, இருமல் சிரப். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்த செய்தி வெளியாயிற்று. அந்த மருந்து நம் மாநிலத்தில் தயாரானது. இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் சிரப்புகளைக் கொடுக்கவே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போது சொன்னது. இத்தனைக்குப் பிறகும் "போன தடவை வாங்கின அதே சிவப்பு மருந்து" என்று ஏழு வயதுப் பிள்ளையின் கையில் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். நினைத்தாலே பதறுகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் நான்கு பிள்ளைகள் என்றால் நான்கு எடைகள். அவற்றைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி மாட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். பாட்டிலைத் திறக்கும்போதே யாருக்கு, எந்தத் தேதி என்று ஸ்கெட்ச் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். காய்ச்சல் மருந்துக்கும் மருந்துக்கும் இடையே ஆறு மணி நேரம். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் எந்த மருந்தும் இல்லை, நேரே மருத்துவமனை. உங்கள் வீட்டிலிருக்கும் அந்த இரண்டு பாட்டில்களையும் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் தூக்கிப் போடுங்கள்.

கீழக்கரை வாசகி: சளி பிடித்திருக்கும்போது பிள்ளைகளைக் குளிப்பாட்டலாமா? எங்கள் உம்மா ஒரு வாரம் தண்ணீரே தொடக் கூடாது என்கிறார்.

குளிப்பாட்டலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மதிய வெயிலில், ஐந்து நிமிடம். உடனே தலையைத் துவட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிய பிறகே வெந்நீரை ஊற்ற வேண்டும். வெந்நீர்ப் பானையைத் தரையில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போகாதீர்கள். மூன்று பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது போதும் ஒருவனைத் தீக்காயப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்க.

சாயல்குடி வாசகர்: கொசுவுக்குச் சுருள், குளிருக்குக் கரியடுப்பு, மாலையில் சாம்பிராணி. கதவு, ஜன்னலை அடைத்தே வைத்திருக்கிறோம். ஆனாலும் இரண்டாமவளுக்கு இருமல் நிற்கவில்லை.

நிற்காமல் இருப்பதற்கான காரணங்களை நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். சீமைக் கருவேலங்கரி நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பூட்டிய அறைக்குள் அதைக் கனலவிடலாமா? கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுக்கும். கரியடுப்பை இன்றிரவே வெளியே வையுங்கள். சுருளுக்குப் பதில் கொசுவலை: இரட்டைப் பாய்க்கான பெரிய வலை ஒன்றுக்குள் மூன்று பிள்ளைகள் படுப்பார்கள். சாம்பிராணி போட்டே ஆக வேண்டுமென்றால் பிள்ளைகள் முற்றத்தில் இருக்கும்போது போட்டு, புகை வெளியேறிய பிறகு உள்ளே அழையுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் இருமினால் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது நெடுநாள் இருமல் இருந்தால் அவருக்கும் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தங்கச்சிமடம் வாசகி: பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் நாட்களில் மூன்று பிள்ளைகளையும் அம்மாச்சி பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் கண் மங்கல். மழை விடுமுறை நாளில் பத்து வயது மகளும் உடனிருக்கிறாள். கடைசிக் குழந்தைக்கு ஒரு வயது இரண்டு மாதம், எடை ஒன்பது கிலோ. சளி முற்றுவதை அவர்கள் எப்படிக் கண்டுகொள்வது?

வயதையும் எடையையும் ஒழுங்காக எழுதியதற்கு நன்றி. இப்படித்தான் எழுத வேண்டும்.

மகளுக்கு மூச்சு எண்ணக் கற்றுக்கொடுங்கள். குழந்தை தூங்கும்போதோ அழாமல் மடியில் இருக்கும்போதோ சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. செல்போனில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. உங்கள் குழந்தையின் வயதில் 40ஐத் தொட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, இரண்டு மாதத்துக்குள் 60. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, உதடு நீலம், எழுப்பினாலும் விழிக்கவில்லை, வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும். அம்மாச்சி கண்ணால் பார்க்க முடியாவிட்டாலும் குழந்தையின் முனகல் சத்தம் அவர் காதில் விழும். அதுவும் அபாய அறிகுறிதான் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். நல்ல நாளில் இரண்டு மூன்று முறை எண்ணிப் பழகினால் மகளுக்குக் கை வந்துவிடும். பள்ளி உள்ள நாளில் மட்டும் அவளை இதற்காக நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

திருப்பாலைக்குடி வாசகர்: மூன்று பேருக்கும் வயிற்றுப்போக்கு. ஒரு ஓஆர்எஸ் பாக்கெட்டை மூன்று டம்ளரில் பிரித்துக் கலக்கிக் கொடுத்தோம். இன்னும் நிற்கவில்லை.

பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க அரை நிமிடம் ஆகாது. பெரிய பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்ட வேண்டும். பிரித்தால் உப்பு கூடும் அல்லது குறையும், இரண்டுமே கெடுதல். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களுக்குத் துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள். போக்கு நின்றாலும் நிறுத்தக் கூடாது. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. அந்தப் பெயரையே அவை போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தடுத்துவிட்டது.

பெரியபட்டினம் வாசகர்: குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். என்ன மருந்து?

எத்தனை வயது? எவ்வளவு எடை? ஒன்றும் இல்லை. மூன்று நாள் தாண்டிய காய்ச்சலுக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். இது டெங்கு பருவம். காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டான் என்று நினைக்கிற நான்காம், ஐந்தாம் நாள்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். வயிற்று வலி, ஓயாத வாந்தி, கை கால் ஜில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் உடனே பெரிய மருத்துவமனை. பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டாம்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு எல்லோரும் தெருச் சாக்கடையைத்தான் பார்க்கிறார்கள். டெங்குக் கொசு வளர்வது காசு கொடுத்து வாங்கி டிரம்மில் நிரப்பி வைத்த நல்ல தண்ணீரிலும், முற்றத்தில் கிடக்கும் தெர்மோகோல் மீன் பெட்டியிலும்தான். டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஏர்வாடி வாசகி: ஆறு வயதுப் பெண், மழை தொடங்கியதிலிருந்து பாயை நனைக்கிறாள். அடித்தும் பார்த்துவிட்டோம்.

அடிக்காதீர்கள். தூக்கத்தில் நடப்பதற்கு அவள் என்ன செய்வாள்? குளிரில் வியர்வை குறைந்து சிறுநீர் கூடும். கொல்லைக் கழிப்பறைக்கு இருட்டில் தனியாகப் போகப் பயந்து அடக்கிக்கொண்டு படுத்திருப்பாள். படுக்கும் முன் விளக்கோடு நீங்கள் கூடப் போங்கள். மாலை ஆறுக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். முன்பு நனைக்காதவள் புதிதாக நனைக்கிறாள் என்றால் சிறுநீரையும் சர்க்கரையையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், குறிப்பாகத் தாகமும் மெலிவும் இருந்தால். தங்கையின் முன்னால் இதைப் பேச வேண்டாம்.

வாலிநோக்கம் வாசகர்: மூன்று பிள்ளைகளுக்கும் விரலிடுக்கில் சிரங்கு. ஒருவனுக்குக் குணமாகி அடுத்தவனுக்கு வருகிறது.

ஒவ்வொருவராக மருந்து போட்டால் அப்படித்தான் வரும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை வீட்டில் உள்ள அனைவரும், அரிப்பு இல்லாத அப்பாவும் அப்பத்தாவும் உட்பட, ஒரே இரவில் கழுத்திலிருந்து கால் வரை பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். வெயிலே இல்லாத வாரமென்றால் பாலிதீன் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

ராமேஸ்வரம் வாசகி: எட்டு மாதக் குழந்தையின் இருமலுக்குத் தேன் தரலாமா? கருப்பட்டியும் சுக்கும்? மீன் கொடுத்தால் சளி கூடுமா?

ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளியும் கூடாது. சுக்கு, கருப்பட்டித் தண்ணீரைப் பெரியவர்கள் குடிக்கட்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மீனால் சளி கூடாது. முள் நீக்கி வேகவைத்து மசித்து, சோற்றோடு தாராளமாகக் கொடுக்கலாம். அடுத்த முறை எடையையும் எழுதுங்கள்.