டென்மார்க்கின் பழைய கை வைத்த நாற்காலிகளுக்கு இன்றும் ஏன் இவ்வளவு மதிப்பு? வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

என்னைக் கேட்டால், இதற்கான விடை அந்த நாற்காலிகளின் கையும் முதுகும் சேரும் இடத்தில் இருக்கிறது என்பேன்.

ஆர்ஹூஸ் நகரில் நண்பர் ஒருவரின் வீட்டில்தான், ஹான்ஸ் வெக்னர் 1949-இல் வடிவமைத்த வட்ட நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தேன். தட்டையான கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துப் பின்னோக்கி நகர்த்தினால், மரம் எங்கும் தடங்காமல் மெல்லத் திரும்பி நிமிர்ந்து முதுகுச் சாய்வாகிவிடுவதைக் கை உணர்கிறது. ஒரே மரமாகத் தோன்றும் அது உண்மையில் மூன்று துண்டுகள். விரல்களைக் கோத்தாற்போலப் பல் பல்லாக வெட்டி, ஒன்றினுள் ஒன்று செருகி ஒட்டப்பட்டவை. முதலில் செய்த நாற்காலிகளில் இணைப்பை வெளியே காட்ட வெக்னருக்கு மனம் வரவில்லை. முதுகுப் பகுதியைப் பிரம்பால் சுற்றி மறைத்திருந்தார். பின்னர் இந்தப் பல் இணைப்பைக் கண்டடைந்ததும் பிரம்பை நீக்கிவிட்டு, மறைத்து வைத்த இடத்தையே நாற்காலியின் அழகாக்கினார். 1960-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது அமர்ந்திருந்தவை இந்த நாற்காலிகளே.

இப்படி ஒரு வேலைப்பாடு கைகூடியதற்குப் பின்னால் நீண்ட பயிற்சி இருக்கிறது. கோபன்ஹேகனின் அரச நுண்கலைக் கழகத்தில் 1924-இல் அறைகலன் துறையைத் தொடங்கிய கோரெ கிளிண்ட், மனித உடலின் அளவுகளையும் பழங்கால நாற்காலிகளின் அளவுகளையும் மாணவர்களை நுணுக்கமாக ஆராய வைத்தார். ஜெர்மனியில் எஃகுக் குழாயை வளைத்துப் புதுமை தேடிய அதே காலத்தில், டென்மார்க்கில் பழையதை மறுக்காமல் அதைத் திருத்தித் திருத்திப் புதியதாக்கினார்கள். வட்ட நாற்காலியின் மூதாதையே சீனத்து மிங் பேரரசர்கள் காலத்து நாற்காலிதான். அதை முன்மாதிரியாகக் கொண்டு 1940-களின் நடுவில் வெக்னர் செய்த சீன நாற்காலியிலிருந்து இது கிளைத்தது.

கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சியையும் சொல்லியாக வேண்டும். வடிவமைப்பாளரும் தச்சரும் ஒரே பட்டறையில் நின்று வாதாடிச் செய்த பொருள்கள் அங்கே வைக்கப்பட்டன. வெக்னருக்குத் தச்சராக யொஹானெஸ் ஹான்சன் வாய்த்தார். இன்னொரு வடிவமைப்பாளரான ஃபின் யூலுக்கு நீல்ஸ் வொடர். வெக்னர் தாமே தச்சுத் தொழில் பயின்றவர், யூலோ கட்டடக் கலைஞர். யூலின் 1945-ஆம் ஆண்டு நாற்காலியில் மெத்தைப் பகுதி மரச்சட்டத்திலிருந்து விலகி, மிதப்பதுபோல் நிற்கிறது. சிற்பம்போலக் குழைந்து செல்லும் அதன் கைப்பிடியை மிஞ்சிய ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

இவற்றில் பல தேக்கில் செய்யப்பட்டவை. டேனிஷ் மொழி அந்த மரத்தை அழைக்கும் பெயரே மலபார்க் கரையின் ‘தேக்கு’ என்ற சொல் போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றதால் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

வாங்குவதாக இருந்தால், முதலில் நாற்காலியைக் கவிழ்த்து, சட்டத்தின் உட்புறத்தில் பட்டறையின் சூட்டுக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிரேசில் ஈட்டி மரம் என்றால், 1992 முதல் அதன் பன்னாட்டு வணிகத்திற்குக் கடும் கட்டுப்பாடு உள்ளதால், உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. பின்னிய காகிதக் கயிற்று இருக்கை தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம். அதைப் புதிதாகப் பின்னிக்கொள்ளலாம். ஆனால் கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய நாற்காலியை விட்டுவிடுங்கள். விளிம்பு சற்றே மழுங்கினாலும் அந்த மரம் திரும்பும் வளைவு மாறிவிடும். அதை எந்தத் தச்சராலும் மீட்டுத் தர இயலாது.