எரிச்சலை ஆற்றும் கொழகொழப்பு: வாசகர் கேள்வி-பதில்

அதிமதுரத் துண்டை வாயில் அடக்கினால் வறட்டு இருமல் நிற்கிறது. அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. வாங்கிய சரக்கு சரியில்லையா?

சரக்கில் குறை இல்லை, அதன் வேலையே அவ்வளவுதான். இப்படிப் பூச்சாகப் படிந்து எரிச்சலை ஆற்றும் சரக்கைச் சித்த மருத்துவத்தில் உள்ளழலாற்றி என்போம். எச்சிலோடு கலந்து, ரணமான சவ்வின் மேல் மெல்லிய பூச்சாகப் படியும். அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் சீண்டப்படாததால் இருமல் அடங்குகிறது. எச்சில் விழுங்க விழுங்க அந்தப் பூச்சும் போய்விடும். அப்புறம், நாம் விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறதே தவிர மூச்சுக்குழாய்க்குப் போவதில்லை. அதனால் தொண்டைக் கமறலுக்குக் கேட்கும், நெஞ்சிலிருந்து வரும் இருமலுக்கு அவ்வளவாகக் கேட்காது. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தைத் தினமும் சப்ப வேண்டாம். அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்.

எட்டு மாதக் குழந்தைக்கு இருமல். நாக்கில் தேன் தடவலாமா?

கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். பெரியவர்கள் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வயிற்றெரிச்சலுக்கு வெந்தயத்தை அப்படியே மோரில் போட்டு விழுங்குகிறேன். சரிதானே?

ஊறவைத்தால் நல்லது. ஒரு தேக்கரண்டி வெந்தயத்தை இரவில் நீரில் போட்டு, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி ஒரு வழவழப்பு விரலோடு இழுபடும். பூச்சு வேலை செய்வது அதுதான். விதையாக விழுங்கினால் அதில் ஒரு பகுதி விதைக்குள்ளேயே நின்றுவிடும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கும். மலம் கறுத்துப் போனாலோ எடை குறைந்தாலோ வெந்தயத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

அம்மாவுக்கு எழுபது வயது. இசப்கோல் சாப்பிட்டதும் நெஞ்சில் அடைத்த மாதிரி இருந்தது என்கிறார்.

தண்ணீர் போதவில்லை. இசப்கோல் நீரைக் குடித்துப் பல மடங்கு உப்பும். அந்த உப்பல் குடலில் நடக்க வேண்டும், உணவுக்குழாயில் நடந்தால் அடைத்துக்கொள்ளும். ஒரு முழு டம்ளர் நீரில் கலக்கி, கெட்டியாகும் முன் உட்கார்ந்தபடி குடிக்கட்டும். பின்னால் இன்னொரு டம்ளர். குடித்ததும் படுக்கக் கூடாது. மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இந்தப் பூச்சு அந்த மாத்திரைகளையும் உடம்பு உறிஞ்சவிடாது. மறுபடி அடைத்தாலோ, சோறு விழுங்கவே சிரமம் என்றாலோ இசப்கோலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணினி வேலையால் கண் உலர்கிறது. சொட்டு மருந்தும் இந்த வகைதானா?

ஆமாம். கார்பாக்சிமெதில்செல்லுலோஸ் என்ற வழவழப்புப் பொருள் கலந்த சொட்டுகள் கண்ணுக்கான உள்ளழலாற்றிதான். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்பட்டால் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் (preservative) இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.