தெரிந்தே தோற்பது

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். வயது 42. அப்பா இறந்து இரண்டு மாதத்தில் செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். மூன்று வருடம் ஆகிறது. பி.எஃப். பணம் போனது, அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அழுவார், சத்தியம் செய்வார், பத்தே நாளில் திரும்ப ஆடுவார். ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிற மனிதருக்கு இந்தக் கணக்கு தெரியாதா? தெரிந்தும் ஒருவர் தன்னையே ஏன் அழித்துக்கொள்கிறார்? தத்துவத்தில் இதற்குப் பதில் உண்டா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உண்டு. தெரிந்தே யாரும் தனக்குக் கெடுதல் செய்துகொள்வதில்லை, செய்தால் சரியாகத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்றார் சாக்ரடீஸ். அரிஸ்டாட்டில் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆசை ஏறியிருக்கும் நேரத்திலும் அறிவு இருக்கிறது, ஆனால் குடித்தவன் வாயில் வரும் செய்யுள்போல இருக்கிறது என்றார். வார்த்தை வரும், உள்ளே இறங்காது. உங்கள் அண்ணனின் சத்தியம் அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இருவர் சொல்வதிலும் ஆளை இழுப்பது ஏதோ ஓர் இன்பம். வள்ளுவர் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார். சூது அதிகாரத்தின் கடைசிக் குறள் ‘இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்’ என்று தொடங்குகிறது. இழக்க இழக்கக் காதல் கூடுகிறதாம்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் அறையில் இருந்த ஒருவர் சம்பளத்தன்று சீட்டாடப் போவார். ஜெயித்த இரவில் தூங்கவே மாட்டார். லைட்டைப் போட்டுக்கொண்டு நோட்டுகளை எண்ணுவார், அடுக்குவார், மறுபடி எண்ணுவார். மொத்தமும் தோற்ற இரவில் நேராகக் குழாயடிக்குப் போய்ச் சட்டையைக் கழற்றி சோப்புப் போடுவார். காலரை நிதானமாகத் தேய்த்து, அலசி, உதறிக் கொடியில் போடுவார். அப்புறம் படுத்ததும் குறட்டை. அது என்ன நிம்மதி என்று பல வருடம் எனக்குப் பிடிபடவில்லை.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. 1866இல் அவர் ‘சூதாடி’ நாவலைச் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்த பெண் அன்னா. மறுவருடமே இருவருக்கும் கல்யாணம். அதே 1867இல் ஜெர்மனியின் பாடன் பாடன் நகரத்தில், சுழலும் சக்கரத்தில் பந்தயம் கட்டும் ரூலெட் ஆடித் தோற்று, மனைவியின் காதணியையும் கல்யாண மோதிரத்தையும் அடகு வைத்தார். சூதாடியின் மனதை அவ்வளவு ஆழமாக எழுதிய கைதான் அது. தெரிந்திருந்தது ஒரு காதணியைக்கூடக் காப்பாற்றவில்லை.

1928இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்ட் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் தோற்ற பிறகுதான் அவருக்கு எழுத்து நன்றாக ஓடியது, அதை அன்னாவும் கவனித்திருந்தார் என்கிறார். காரணம் குற்ற உணர்வு. யாருக்குப் பட்டது என்று தெரியாத ஒரு கடன் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. தோல்வி தண்டனையாக வருகிறது. தண்டனை கிடைத்ததும் கடன் அடைந்ததுபோல ஓர் ஆறுதல். அந்தக் குற்ற உணர்வுக்கு வேர் தந்தையைக் கொல்லும் ஆசை என்று ஃப்ராய்ட் போகும் தூரத்துக்கு நான் போகமாட்டேன். ஆனால் நள்ளிரவில் சட்டை துவைத்தவரை அந்தப் பக்கங்களில் அடையாளம் கண்டேன்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அண்ணன் தோற்று வந்தால் அம்மா அழுவார், நீங்கள் கத்துவீர்கள், அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார், இல்லையா? அந்தத் திட்டு அவருக்கு ஒரு ரசீது. வாங்கிக்கொண்டதும் கணக்கு நேராகிவிடும், மறுபடி ஆடலாம். அன்னா இதை ஒரு நோய் என்றே எடுத்துக்கொண்டு, கணவரைக் குத்திப் பேசாமல் இருந்தார். 1871க்குப் பிறகு தஸ்தயேவ்ஸ்கி ரூலெட் மேசைப் பக்கமே போகவில்லை. திட்டாததால்தான் நிறுத்தினார் என்று சொல்லமாட்டேன். அதுவரை அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சம்பளம் வரும் கணக்கை வீட்டில் வேறொருவர் கையில் கொடுங்கள். கடனை அடைக்க அவரிடம் பணம் தராதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், இதற்குச் சிகிச்சை இருக்கிறது. அப்புறம், அப்பா இறந்து இரண்டு மாதத்தில் ஆரம்பித்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் இன்னும் அந்த வரியில்தான் நிற்கிறேன். அடுத்த முறை அவர் தோற்று வரும் இரவில் சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ரம்மிப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிக் கேளுங்கள்.